சிக்கனமாக ஒரு பிரிட்டிஷ் கோடை

பிரிட்டனில் கோடைப் பயணத்தின் செலவைத் தீர்மானிப்பது பெரும்பாலும் நாள்காட்டியும் கடிகாரமும்தான். தூரம் அதற்குப் பிறகே. ஒரே ரயிலில் பக்கத்துப் பக்கத்து இருக்கைகளில் உட்கார்ந்திருக்கும் இருவரில் ஒருவர் மற்றவரைப் போல மூன்று மடங்கு கட்டணம் கொடுத்திருப்பது அங்கே அதிசயமில்லை. எப்போது வாங்கினார், எந்த மணிக்குப் புறப்படுகிறார் என்பதில்தான் வேறுபாடு.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பள்ளிகள் ஜூலை பிற்பகுதியில் மூடி செப்டம்பர் தொடக்கத்தில் திறக்கின்றன. இந்த ஆறு வாரங்களில் விடுதி வாடகை, விமானக் கட்டணம், கடலோர வாடகை வீடுகள் எல்லாமே ஏறிவிடும். பள்ளி நாட்களில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய் மிச்சம் பிடிக்கலாம் என்றால் அதற்கும் தடை உண்டு. அனுமதியின்றி ஐந்து நாள் வகுப்புக்கு வராத பிள்ளைக்காக இங்கிலாந்தில் ஒவ்வொரு பெற்றோருக்கும் அபராதம் விதிக்கப்படலாம். 2024 ஆகஸ்டிலிருந்து அது 80 பவுண்டு, 21 நாளுக்குள் கட்டாவிட்டால் 160. ஸ்காட்லாந்தின் கணக்கு வேறு. அங்கே ஜூன் இறுதியையொட்டியே விடுமுறை தொடங்கி, ஆகஸ்ட் நடுவில் பள்ளி திறந்துவிடும். ஆகவே ஆகஸ்டின் கடைசி இரண்டு வாரம் ஸ்காட்லாந்துக்குப் போகும் இங்கிலாந்துக் குடும்பத்துக்கு உள்ளூர்க் கூட்டத்தின் போட்டி இருக்காது. எடின்பரோ மட்டும் இதற்கு விலக்கு. 1947 முதல் நடக்கும் கலைவிழாக்களால் ஆகஸ்டில் அந்நகரத்தில் அறை வாடகை கண்ணைக் கட்டும். விழாவைப் பார்க்க விரும்புபவர்கள் ஏறத்தாழ ஐம்பது நிமிட ரயில் தூரத்தில் இருக்கும் கிளாஸ்கோவில் தங்கிப் போய்வருவதே புத்திசாலித்தனம்.

திட்டமிடுவதில் ஒரு முரண்பாடு இருக்கிறது. மலிவு வேண்டுமானால் வாரக்கணக்கில் முன்பே பதிவு செய்ய வேண்டும். ஆனால் வானிலையோ முந்தின நாள் மாலை வரை பிடிகொடுக்காது. ஜூலையில்கூட லண்டனின் பகல் வெப்பம் சராசரியாக 23, 24 டிகிரிதான். மேற்குக் கரையிலும் லேக் டிஸ்ட்ரிக்ட் மலைகளிலும் மழை எந்த நாளும் வரலாம். எதை முன்பே முடிவு செய்வது, எதைக் கடைசி வரை விட்டுவைப்பது என்று பிரித்துக்கொள்வதில்தான் சூட்சுமம் இருக்கிறது. நீண்ட தூர ரயிலையும் படுக்கையையும் முதலில் உறுதி செய்ய வேண்டும். பகல் பொழுதைச் செலவிடும் இடம் கட்டணமில்லாததாக இருந்தால் அதைக் காலைச் சிற்றுண்டியின்போது மாற்றினாலும் நட்டமில்லை.

ரயில் டிக்கெட்டில் மூன்று வகை முக்கியம். ‘எனிடைம்’ எந்த ரயிலுக்கும் செல்லும், விலை அதிகம். ‘ஆஃப்-பீக்’ அலுவலக நெரிசல் நேரம் தவிர்த்து மற்ற நேரங்களுக்கு. ‘அட்வான்ஸ்’ குறிப்பிட்ட ஒரு ரயிலுக்கு மட்டும். அதைத் தவறவிட்டால் டிக்கெட் வீண், ஆனால் விலை மிகக் குறைவு. நீண்ட தடங்களில் அட்வான்ஸ் டிக்கெட்டுகள் பெரும்பாலும் எட்டிலிருந்து பன்னிரண்டு வாரத்துக்கு முன் விற்பனைக்கு வரும். ஒவ்வொரு ரயிலிலும் அடிமட்ட விலையில் சில இடங்களே இருப்பதால் முந்தியவருக்கே அது கிடைக்கும். ஸ்காட்லாந்தின் ‘ஸ்காட்ரயில்’ மட்டும் 2025 செப்டம்பரில் நெரிசல் நேரக் கூடுதல் கட்டணத்தையே எடுத்துவிட்டது.

இதற்கு மேல் ‘ரயில்கார்டு’ என்ற ஆண்டு அட்டை இருக்கிறது. பெரும்பாலானவற்றின் விலை 35 பவுண்டு. கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு குறையும். 16 முதல் 25 வயதுக்காரர்களுக்கு, 60 தாண்டியவர்களுக்கு, சேர்ந்து பயணிக்கும் இருவருக்கு என்று தனித்தனி அட்டைகள். குடும்பங்களுக்கு ஏற்றது ‘ஃபேமிலி அண்ட் ஃப்ரெண்ட்ஸ்’. நான்கு பெரியவர்கள், நான்கு பிள்ளைகள் வரை ஒரே அட்டையில் போகலாம். பெரியவர்களுக்கு மூன்றில் ஒரு பங்கும் 5 முதல் 15 வயதுப் பிள்ளைகளுக்கு 60 சதவீதமும் தள்ளுபடி. குறைந்தது ஒரு பிள்ளையாவது உடன் வர வேண்டும். லண்டன்–எடின்பரோ போன்ற நீண்ட பயணம் ஒன்று போனாலே அட்டையின் விலை திரும்பிவிடும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு எப்படியும் கட்டணம் இல்லை. 16–25 அட்டையில் வார நாட்களின் காலை நேரத்துக்கு ஒரு குறைந்தபட்சக் கட்டண நிபந்தனை உண்டு. ஜூலையிலும் ஆகஸ்டிலும் அது விலக்கப்படுவது பலருக்குத் தெரியாமலே போகிறது.

கட்டண அமைப்பு குழப்பமானது. குழப்பத்தில் கொஞ்சம் லாபமும் கிடைக்கும். நெடுந்தூரப் பயணத்தை இரண்டு மூன்று துண்டாகப் பிரித்துத் தனித்தனி டிக்கெட் வாங்கினால், முழுப் பயணத்துக்கான ஒரே டிக்கெட்டைவிட மலிவாக அமைவது உண்டு. இது விதிகளுக்கு உட்பட்டதே. ரயில் அந்த இடைநிலையத்தில் நின்று செல்ல வேண்டும், அவ்வளவுதான். பயணி இறங்கி ஏற வேண்டியதில்லை. ஒரு வட்டாரத்துக்குள் அலைந்து திரிய ‘ரேஞ்சர்’ என்ற ஒருநாள் டிக்கெட்டும் ‘ரோவர்’ என்ற பல நாள் டிக்கெட்டும் விற்கிறார்கள். ரயில் தாமதமானால் இழப்பீடு கேட்கலாம். பல நிறுவனங்களில் பதினைந்து நிமிடத் தாமதத்துக்கே அந்த உரிமை தொடங்குகிறது. கேட்காதவருக்குப் பெரும்பாலும் தானாக வராது.

புகழ்பெற்ற காட்சிக்காக மட்டும் அதிகம் கொடுக்க வேண்டியதில்லை. ஹாரி பாட்டர் படங்களில் வரும் கிளென்ஃபினன் பாலத்தின் மீது நீராவிச் சுற்றுலா ரயில் ஒன்று போகிறது. அதன் கட்டணம் கனமானது. கிளாஸ்கோவிலிருந்து மாலெய்க் போகும் சாதாரண ரயிலும் அதே 21 வளைவுகளின் மீதுதான் போகிறது, ஜன்னலில் தெரிவதும் அதே ஏரிதான். ஸ்காட்லாந்தின் அந்த மலைப்பகுதியில் கோடையில் ‘மிட்ஜ்’ எனும் பொடிப்பூச்சிகள் மொய்க்கும். பூச்சித் தைலம் எடுத்துப்போகாதவர்கள் மாலையில் அறைக்குள்ளேயே கிடக்க நேரும்.

ரயிலைவிட மலிவு ‘கோச்’ எனப்படும் நெடுந்தூரப் பேருந்து. நேஷனல் எக்ஸ்பிரஸ், ஃப்ளிக்ஸ்பஸ் போன்றவை நகரங்களை இணைக்கின்றன. லண்டனில் 1932இல் திறந்த விக்டோரியா கோச் நிலையம் இவற்றின் தாய்வீடு. நேரம் கூடுதலாகும், கோடை வெள்ளிக்கிழமை மாலைகளில் நெடுஞ்சாலை நெரிசலும் சேரும். சிற்றூர்களுக்கு உள்ளூர்ப் பேருந்துகளே கைகொடுக்கும். இங்கிலாந்தில் ஒருவழிப் பேருந்துக் கட்டணத்துக்கு 2023இல் 2 பவுண்டு என்று உச்சவரம்பு வைத்தார்கள். 2025 ஜனவரியில் அது 3 பவுண்டானது. திட்டத்தில் சேர்ந்த நிறுவனங்களின் பேருந்துகளில் தூரத்தைப் பொருட்படுத்தாத வரம்பு இது என்பதால் நீண்ட கிராமப்புறத் தடங்களில்தான் அருமை தெரியும். லீட்ஸிலிருந்து யார்க் வழியாக மூர்நிலங்களைக் கடந்து விட்பி கடற்கரைக்குப் போகும் 840ஆம் எண் தடம் காட்சிக்குப் பேர்போனது. ஸ்காட்லாந்தில் வசிக்கும் 22 வயதுக்குட்பட்டவர்களுக்கு 2022 முதல் பேருந்தே இலவசம்.

லண்டனுக்குள் 1.75 பவுண்டில் ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை பேருந்து மாறினாலும் ஒரே கட்டணம். வங்கி அட்டையையே தட்டிச் செல்லலாம். நாள் முழுவதற்கும் உச்சவரம்பு உண்டு. ஆனால் ஒருவர் நாள் முழுவதும் ஒரே அட்டையையே பயன்படுத்த வேண்டும். காலையில் அட்டையும் மாலையில் கைபேசியுமாகத் தட்டினால் இரண்டும் இரண்டு ஆளாகக் கணக்காகும். பதினொரு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பேருந்தில் இலவசம். பெரியவர் துணையோடு சுரங்க ரயிலிலும் அப்படியே.

பிரிட்டனின் மிகச் சிறந்த கோடைப் பொழுதுகள் பலவற்றுக்கு நுழைவுக் கட்டணமே கிடையாது. பிரிட்டிஷ் மியூசியம் 1759இல் திறந்த நாளிலிருந்தே இலவசத்தைக் கொள்கையாகக் கொண்டது. 1980களில் சில தேசிய அருங்காட்சியகங்கள் கட்டணம் வசூலிக்கத் தொடங்கின. 2001 டிசம்பரில் அது நீக்கப்பட்டது. லண்டனில் நேச்சுரல் ஹிஸ்டரி மியூசியம், சயின்ஸ் மியூசியம், திப்பு சுல்தானின் மரப்புலி இருக்கும் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியம் ஆகிய மூன்றும் சவுத் கென்சிங்டனில் நடக்கும் தூரத்திலேயே உள்ளன. மழை நாளுக்கு இதைவிடத் தோதான தெரு இல்லை. யார்க் ரயில்வே மியூசியத்தில் 1938இல் மணிக்கு 126 மைல் ஓடி நீராவி எஞ்சின்களின் உலகச் சாதனை படைத்த ‘மல்லார்ட்’ நிற்கிறது. கார்டிஃப் அருகே செயின்ட் ஃபேகன்ஸில் பழைய வேல்ஸ் வீடுகளைக் கல் கல்லாகப் பெயர்த்து வந்து மறுபடி எழுப்பியிருக்கிறார்கள். அங்கே ஒரு முழுநாள் போதாது. சிறப்புக் கண்காட்சிகளுக்குத்தான் காசு. கூட்டமுள்ள விடுமுறை நாட்களில் இலவச நுழைவுக்கும் இணையத்தில் நேரம் பதிந்துகொள்வது வரிசையைத் தவிர்க்கும்.

கட்டணம் வாங்கும் இடங்களிலும் சிக்கனமான வாசல்கள் உண்டு. வெஸ்ட்மின்ஸ்டர் அபே, செயின்ட் பால்ஸ் இரண்டிலும் சுற்றிப்பார்க்கப் பணம் கொடுக்க வேண்டும். மாலை வழிபாட்டில் உட்கார்ந்து பாடகர் குழுவைக் கேட்கப் பணம் இல்லை. வழிபாட்டுக்கு வருபவர் என்ற மரியாதையோடு, படம் எடுக்காமல் இருக்க வேண்டும். யுனிவர்சல் கிரெடிட் உதவித்தொகை பெறும் குடும்பங்களுக்கு லண்டன் டவரும் கியூ தாவரத் தோட்டமும் ஒரு பவுண்டு டிக்கெட் கொடுக்கின்றன. பழைய மாளிகைகளையும் தோட்டங்களையும் விரும்புபவர்கள் 1895இல் தொடங்கிய நேஷனல் டிரஸ்டில் ஆண்டு உறுப்பினராகலாம். கோடையில் மூன்று நான்கு இடங்களாவது பார்க்கும் குடும்பத்துக்குத்தான் அது கட்டும். ஒரே ஒரு மாளிகைக்காகச் சேர்வது வீண். டிரஸ்டின் ஸ்காட்லாந்து அமைப்பு தனி.

இனி வெளிநிலம். பிரிட்டனில் பதினைந்து தேசியப் பூங்காக்கள் உள்ளன. எதற்கும் வாயிற்கதவோ டிக்கெட்டோ இல்லை. இந்த உரிமை சும்மா வந்துவிடவில்லை. 1932 ஏப்ரல் 24 அன்று மான்செஸ்டர், ஷெஃபீல்டு தொழிலாளர் இளைஞர்கள் நூற்றுக்கணக்கில் திரண்டு, பிரபுக்களின் வேட்டைக்காடாகப் பூட்டிக் கிடந்த கிண்டர் ஸ்கவுட் மேட்டில் தடையை மீறி ஏறினார்கள். ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். 1949இல் தேசியப் பூங்காச் சட்டம் வந்தது. 1951இல் அந்த மேடு அமைந்த பீக் டிஸ்ட்ரிக்ட்டே முதல் தேசியப் பூங்காவானது. மான்செஸ்டர்–ஷெஃபீல்டு ரயில் பாதையில் ஈடேல் நிலையத்தில் இறங்கினால் கார் இல்லாமலே அங்கே நடக்கத் தொடங்கலாம். காரில் போகிறவர்களுக்குத்தான் நிறுத்துமிடக் கட்டணம் உறைக்கும். காலை பத்து மணிக்குள் இடம் நிரம்பிவிடும் மலையடிவாரங்களும் உண்டு.

கடற்கரையும் அப்படியே பொதுச் சொத்துபோல. லண்டனிலிருந்து ஒரு மணி நேரத்தில் போகக்கூடிய சவுத்எண்டில் உலகின் மிக நீளமான உல்லாசப் படகுத்துறை கடலுக்குள் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீள்கிறது. மார்கேட், பிரைட்டன் இரண்டும் ஒருநாள் பயணத்துக்கு எட்டுபவை. தமிழ்நாட்டுக் கடற்கரையில் பழகியவர்களுக்குப் புதியது ஓதம். பிரிஸ்டல் கால்வாய் ஓரம் உலகிலேயே மிகப் பெரிய ஏற்றவற்றங்களில் ஒன்று நிகழ்கிறது. லிண்டிஸ்ஃபார்ன் தீவுக்குப் போகும் சாலை நாளுக்கு இருமுறை நீரில் மூழ்கும். போகும் முன் ஓத நேர அட்டவணையைப் பார்த்தே ஆக வேண்டும். சிவப்பும் மஞ்சளுமான கொடிகளுக்கு நடுவே உயிர்காப்பாளர் கண்பார்வையில் நீந்துவதே பாதுகாப்பு. ஆபத்து நேர்ந்தால் 999இல் கோஸ்ட்கார்டைக் கேட்க வேண்டும்.

தங்குமிடத்தில் 1930இல் தொடங்கிய ஒய்.எச்.ஏ. விடுதிகள் இளைஞர்களுக்கு மட்டுமானவை என்ற எண்ணம் தவறு. பலவற்றில் குடும்பத்துக்குத் தனி அறையும் பொதுச் சமையலறையும் உண்டு. சோறு வடித்துச் சாப்பிட்டால்தான் சாப்பிட்ட மாதிரி இருக்கும் என்பவர்களுக்கு அந்தச் சமையலறையே பாதிச் செலவைக் குறைக்கும். கோடையில் மாணவர்கள் ஊருக்குப் போய்விடுவதால் பல பல்கலைக்கழகங்கள் விடுதி அறைகளை வெளியாருக்கு வாடகைக்கு விடுகின்றன. அறைகள் எளிமையானவை, ஆனால் பெரும்பாலும் நகரத்தின் நடுவிலேயே இருக்கும். கூடாரம் அடிப்பதில் ஸ்காட்லாந்தின் 2003 நிலச்சட்டம் தாராளமானது. இங்கிலாந்தில் பெரும்பாலும் நில உரிமையாளரின் அனுமதி வேண்டும்.

பகலில் சுற்றுலாத் தலத்து உணவகத்தைத் தவிர்ப்பதே சிக்கனம். சூப்பர்மார்க்கெட்டின் ‘மீல் டீல்’ சாண்ட்விச், நொறுக்குத்தீனி, பானம் மூன்றையும் ஒரே விலைக்குத் தரும். அங்கேயே அருந்த மது விற்கும் உரிமம் பெற்ற இடங்கள் கேட்பவருக்குக் குழாய்த் தண்ணீரை இலவசமாகத் தர வேண்டும் என்பது சட்டம். ஜூன், ஜூலையில் லண்டனில் இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருப்பதால், மதியத்துக்கு மேல் புறப்பட்டாலும் நீண்ட மாலை கைவசம் இருக்கும்.

பொது விடுமுறையான ஆகஸ்டின் கடைசித் திங்களையொட்டி லண்டனில் நாட்டிங் ஹில் கார்னிவல் நடக்கிறது. தெருவில் நின்று பார்க்கக் காசில்லை. அந்த வார இறுதியில் தண்டவாளப் பராமரிப்பும் நடப்பதுண்டு. ரயிலுக்குப் பதில் பேருந்தில் ஏற்றி அனுப்பினால் ஒரு மணிப் பயணம் இரண்டாகும் என்பதால் முன்பே பார்த்துக்கொள்வது நல்லது. அதே ஆகஸ்டில் வெஸ்ட் ஈலிங் கனகதுர்க்கை அம்மன் கோயில் தேர் தெருவில் இறங்கும். பிரிட்டன் முழுவதிலுமிருந்து ஈழத்தமிழர் குடும்பங்கள் கூடும்.

பள்ளி திறந்ததும் விடுதி விலைகள் இறங்கிவிடும். வெயில் உடனே போய்விடாது. பிள்ளைகளின் கால அட்டவணைக்குக் கட்டுப்படாதவர்களுக்குச் செப்டம்பரே நல்ல மாதம். 1994 முதல் இங்கிலாந்தில் நடக்கும் ‘ஹெரிட்டேஜ் ஓப்பன் டேஸ்’ அம்மாதத்தில்தான். வழக்கமாகப் பூட்டியிருக்கும் அல்லது கட்டணம் வாங்கும் பழங்கட்டடங்கள் அப்போது இலவசமாகத் திறக்கப்படும். லண்டனில் இதே போன்று ‘ஓப்பன் ஹவுஸ்’ நடக்கிறது. சில கட்டடங்களுக்குக் குறைந்த பேருக்கே இடம் உண்டு. அவற்றுக்கான முன்பதிவை ஆகஸ்டிலிருந்தே கவனித்து வர வேண்டும்.