உங்களுக்குத் தெரியுமா? கரையில் எண்ணப்படும் குப்பை

கடற்குப்பையை அள்ளுவது வேறு, கண்காணிப்பது வேறு. கண்காணிப்பில், பெரும்பாலும் 100 மீற்றர் நீளமான ஒரே கரைத்துண்டில் குறித்த காலத்துக்கு ஒருமுறை போத்தல், பொலித்தீன், அறுந்த வலை என்று வகைவாரியாக எண்ணப்படும். 5 மில்லிமீற்றரிலும் சிறிய பிளாஸ்டிக் துண்டுகள் நுண்பிளாஸ்டிக். அவற்றை எண்ண மணலைச் சலித்தே ஆகவேண்டும். 2021 மே மாதம் கொழும்புக்கு அப்பால் தீப்பற்றிய எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் சுமார் 1,680 தொன் பிளாஸ்டிக் மணிகளை ஏற்றியிருந்தது. அவை மேற்குக் கரை நெடுகிலும் ஒதுங்கியபோது, சலித்தெடுப்பது எவ்வளவு கடினம் என்பதை நாடே பார்த்தது.

யாழ்ப்பாண நகரை அண்டிய அரியாலையின் நிலை வேறு. அதன் கரை திறந்த கடலை அல்ல, ஆழமற்ற யாழ்ப்பாணக் கடனீரேரியைத் தொடுகிறது. இத்தகைய நீர்நிலையில் குப்பை மணலில் மட்டுமன்றிக் கண்டல் வேர்களிலும் சேற்றிலும் தங்கிவிடும். மணற்கரையை மட்டும் எண்ணினால் கணக்குக் குறைவாகவே வரும்.