மரு மறைய: வேண்டுதலும் வைத்தியமும்

புள்ளிருக்குவேளூர் என்னும் வைத்தீஸ்வரன்கோயிலில், சித்தாமிர்தத் தீர்த்தத்தின் படிகளில் நின்று வெல்லத்தைக் கரைக்கும் அடியார்களைக் காணலாம். உப்பும் மிளகும் வாங்கிக் காணிக்கையாகக் கொட்டுவோரும் உண்டு. திருவள்ளூர் வீரராகவப் பெருமாள் திருக்குளத்திலும் வெல்லம் கரைக்கும் வழக்கம் நெடுங்காலமாக நிலவி வருகிறது. காரணம் கேட்டால் பலரும் சொல்வது ஒன்றே: உடம்பில் மரு கிளம்பியிருக்கிறது, வெல்லம் நீரில் கரைவதுபோல் அதுவும் கரைந்துபோக வேண்டும்.

இவ்வாறு நேர்ந்துகொண்டவர்களுள் பலருக்குச் சில மாதங்களில் மரு உதிர்ந்துவிடுவதும் உண்மையே. மருத்துவர்கள் இதைக் கேட்டு வியப்பதில்லை. மரு தானாகவே மறையும் இயல்புடையது என்பது அவர்கள் அறிந்த செய்தி. சிறுவர்களுள் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினருக்கு, எந்த மருந்தும் இல்லாமலே 2 ஆண்டுகளுக்குள் அது மறைந்துவிடுகிறது. உடம்பின் எதிர்ப்பாற்றல் நோய்க்கிருமியை இனங்கண்டு வெல்லும்வரை காத்திருக்க வேண்டும், அவ்வளவே. முதியோருக்கு அவ்வாற்றல் சற்றுத் தளர்ந்திருப்பதால் காலம் நீளலாம்.

அந்தக் கிருமி பாப்பிலோமா என்னும் வைரஸ். அதில் 100க்கும் மேற்பட்ட வகைகள் உள்ளன. தோலில் உள்ள சிறு கீறல், வெடிப்பு, நீரில் ஊறி நைந்த இடம் இவற்றின் வழியே நுழைந்து, மேல்தோலை மிகுதியாக வளரச் செய்கிறது. நுழைந்த அன்றே மரு தோன்றுவதில்லை. பெரும்பாலும் 2 முதல் 6 மாதங்கள் கழித்தே முளைக்கும். ஆகவே எங்கிருந்து தொற்றியது என்று ஆராய்வது வீண்வேலை. நகத்தால் கிள்ளினால், கிள்ளிய விரலுக்கும் பரவும். சவரக்கத்தி பட்டால் வரிசையாக முளைக்கும். முடிகாணிக்கை செலுத்தும்போது புதிய பிளேடு கேட்டு வாங்குவது இதற்காகவும்தான்.

கோயிலுக்குச் செல்வோர் சிறப்பாகக் கவனிக்க வேண்டியது பாதத்தை. வெறுங்காலுடன் பிராகாரம் வலம்வருவதை யாரும் கைவிட வேண்டியதில்லை. ஆனால் திருக்குளத்தில் நீராடிய பின்னும், பலர் கால் கழுவும் ஈரத்தரையில் நடந்த பின்னும், விரலிடுக்கு உட்படப் பாதத்தை நன்கு துடைத்து உலர்த்துவது நன்று. குதிகால் வெடிப்புக்கு இரவில் எண்ணெய் தடவி வந்தால் கிருமி நுழையும் வாயில் அடைபடும். வீட்டில் ஒருவருக்கு மரு இருப்பின் அவருடைய துண்டும் செருப்பும் தனியே இருக்கட்டும்.

பாதத்தில் வரும் மருவைக் கால் ஆணி என்று எண்ணி ஏமாறுவோர் பலர். ஆணியை நேராக அழுத்தினால் வலிக்கும். மருவையோ இருபுறமும் பிடித்து நெருக்கினால்தான் வலி மிகும். மருவின் மேல் தோலின் இயற்கையான ரேகைகள் அறுந்திருக்கும். உற்று நோக்கினால் கடுகினும் சிறிய கரும்புள்ளிகள் தென்படும். அவற்றை வேர் என்பர். உண்மையில் அவை உறைந்துபோன நுண்ணிய இரத்தக் குழாய்கள். வேரைப் பிடுங்குவதாகக் கருதி பிளேடால் செதுக்குவது கொடிது. சர்க்கரை நோய் உள்ளவர் இதைச் செய்தால் ஆறாத புண்ணில் கொண்டுபோய் விடும்.

முதியோரிடம் மரு என்று சொல்லப்படுபவற்றுள் பல, மருவே அல்ல. கழுத்திலும் அக்குளிலும் மெல்லிய காம்புடன் தொங்கும் சதைத் துணுக்குகள் கிருமியால் வருபவை அல்ல, தீங்கற்றவை. ஆயினும் அவை மிகுதியாகத் தோன்றினால் இரத்தச் சர்க்கரையைச் சோதித்துக்கொள்வது நலம். முகத்திலும் முதுகிலும் மெழுகை ஒட்டிவைத்தாற்போல் பழுப்பாகப் படர்பவை மூப்பின் அடையாளங்கள். அஞ்ச வேண்டியது வேறொன்று உண்டு. 60 வயதுக்கு மேல் புதிதாக முளைத்து விரைந்து வளர்வது, நிறமோ விளிம்போ மாறுவது, தொட்டால் இரத்தம் கசிவது, வாரக்கணக்கில் ஆறாத புண்ணாவது ஆகியவற்றுள் ஒன்று காணப்பட்டாலும் அது தோல் புற்றாக இருக்கக்கூடும். அங்கே நேர்ந்துகொண்டு காத்திருத்தல் தகாது. அந்த வாரமே மருத்துவரிடம் காட்ட வேண்டும். தொடக்கத்தில் கண்டால் பெரும்பாலும் சிறு அறுவையோடு முடிந்துவிடும்.

கைவைத்தியத்தில் சுண்ணாம்பையும் சலவைச் சோடாவையும் குழைத்து வைப்பார்கள். மருவோடு சுற்றியுள்ள நல்ல தோலையும் அது வேகவைத்துத் தழும்பாக்கிவிடும். அம்மான் பச்சரிசியின் பாலும் தோலை எரிக்கக்கூடியதே. கண்ணில் பட்டால் ஆபத்து. தலைமயிரால் இறுகக் கட்டி அறுந்துவிழச் செய்வதில் சீழ் பிடிக்கும் அச்சம் உண்டு. கட்டியது மருதானா என்பதை யார் சொல்வது?

மருத்துவர் தரும் முறைகள் பொறுமையை வேண்டுபவை. சாலிசிலிக் அமிலம் கலந்த மருந்தை, இளஞ்சூடான நீரில் 5 நிமிடம் ஊறவைத்துத் தேய்த்த இடத்தில் நாள்தோறும் இட வேண்டும். 3 மாதம்வரை ஆகலாம். முகத்தில் இடலாகாது. சர்க்கரை நோயாளரும் காலில் இரத்த ஓட்டம் குறைந்தவரும் மருத்துவரைக் கேளாமல் தொடவே கூடாது. மற்றொரு முறை, கழி 196 டிகிரி குளிர்ச்சியுள்ள திரவ நைட்ரஜனால் மருவை உறையச் செய்வது. சில வாரங்களுக்கு ஒருமுறை, பல அமர்வுகள் தேவைப்படும். மின்சூட்டால் கரிப்பதும் உண்டு. எம்முறையாயினும் கிருமியை அடியோடு ஒழிப்பதில்லை என்பதால், மரு மீண்டும் முளைப்பதும் உண்டு.

கோயிலுக்கு நேர்ந்துகொண்டு மருந்தும் இடுவது நம்பிக்கைக் குறைவு ஆகாதா என்று தயங்கும் பெரியோர் உளர். தலபுராணத்தை அவர்கள் நினைவுகூரலாம். அங்காரகனின் தோல்நோயைத் தீர்த்த அத்தலத்து இறைவன் வைத்தியனாகவே எழுந்தருளியிருக்கிறான்; அன்னை தையல்நாயகி தைலபாத்திரமும் சஞ்சீவியும் வில்வமரத்தடி மண்ணும் ஏந்தி உடன் வந்தாள் என்பர். மருந்தைக் கையில் ஏந்திய தெய்வத்திடம் நேர்ந்துகொண்டு மருந்தை மறுப்பதுதான் பொருந்தாதது.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல்நோய்ப் பிரிவு உண்டு. காலையில் புறநோயாளர் சீட்டு பெற்றுக் காட்டலாம். செல்லும்போது உட்கொள்ளும் மருந்துகளின் பெயர்களையும் சர்க்கரை அளவு எழுதிய தாளையும் எடுத்துச் செல்ல வேண்டும். அந்த மரு எப்போது முளைத்தது என்பது நினைவிலிருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லலாம்.