டேங்க் நிரம்பினால் பத்து மூட்டைதான்

திண்டிவனத்தில் லாரி புக்கிங் ஆபீசில் வேலை பார்த்தவன் நான். வண்டி வந்து நின்றால் மூன்று விஷயம்தான் கேட்பேன்: காலி எடை எவ்வளவு, எவ்வளவு லோடு தாங்கும், எந்த ரோட்டில் போகிறது. ஓய்வுபெற்று இரும்பை கிராமத்துக்கு வந்த பிறகு அதே கேள்விகளை ஒரு சின்ன சரக்கு விமானத்திடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். விமானம் இருப்பது அக்கா மகனின் கம்ப்யூட்டரில். மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரில் வரும் செஸ்னா கிராண்ட் காரவன் இஎக்ஸ் அது.

காரவன் வகை முதன்முதலில் பறந்தது 1982இல். ஒரே எஞ்சின், மூக்கில் சுழலும் விசிறி, உடலுக்கு மேலே இறக்கை, உள்ளே மடங்காத சக்கரம். அலாஸ்காவின் சரளை ஓடுபாதைகளிலும் ஆப்பிரிக்காவின் மண் தரையிலும் இறங்குவது. ஃபெடெக்ஸ் நிறுவனம் சின்ன ஊர்களுக்குப் பார்சல் அனுப்ப இதைத்தான் வைத்திருக்கிறது. பக்கத்தில் இலங்கையில் சின்னமன் ஏர் இதில் பயணிகளை ஏற்றுகிறது.

முதல் நாள் பையன் கேட்டான்: “மாமா, டேங்கை முழுசா ரொப்பிடட்டுமா?”

“வேணாம்டா. எவ்வளவு தூரம் போறோம்னு முதல்ல சொல்லு.”

சரக்கு விமானத்தை எடைபோடுவதில் பாதி வேலை இந்தக் கேள்வியிலேயே முடிந்துவிடும். காரவன் கிளம்பும்போது இருக்கக்கூடிய அதிகபட்ச எடை ஏறத்தாழ 4,000 கிலோ. காலி எடை 2,400 கிலோவுக்குப் பக்கம். மீதி 1,600 கிலோவில்தான் விமானி, எரிபொருள், சரக்கு மூன்றும் அடங்க வேண்டும். டேங்க் நிரம்பினால் எரிபொருளே 1,000 கிலோவுக்கு மேல். விமானிக்கு 80 கிலோ கழித்தால் சரக்குக்கு மிஞ்சுவது 500 கிலோ சொச்சம், அதாவது ஐம்பது கிலோ அரிசி மூட்டை பத்து. லாரியில் டீசல் நிரப்பியதால் லோடு குறைந்ததென்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. விமானத்தில் எரிபொருளும் சரக்கும் ஒரே இடத்துக்குச் சண்டை போடுகின்றன.

ஆகவே தூரத்தை வைத்துத்தான் கணக்கு. சென்னையிலிருந்து உளுந்தூர்பேட்டைக்கு நேர்கோட்டில் 175 கிலோமீட்டர் இருக்கும். போய்த் திரும்ப ஒரு மணி நேரம் சொச்சம். மணிக்கு 180 கிலோ போல எரிபொருள் குடிக்கும். அவசரக் கையிருப்பையும் சேர்த்து 350 கிலோ ஊற்றினால் போதும். இப்போது இருபத்து மூன்று மூட்டை ஏறுகிறது. அதே விமானம், இரண்டு மடங்குக்கு மேல் லோடு!

மூட்டையை எங்கே அடுக்குகிறோம் என்பதும் முக்கியம். காரவனின் பெரிய சரக்குக் கதவு பின்பக்கம் இருக்கிறது. கதவோரமே அடுக்கிக்கொண்டு போனால் வால் கனத்துப்போய் மூக்கு மேலே தூக்கும். நிஜத்தில் சரக்கு ஏற்றும்போது வால் தரையில் உட்கார்ந்துவிடாமல் அடியில் ஒரு முட்டுக்கால் கொடுப்பார்கள். சிமுலேட்டரில் எடைப் பலகையைத் திறந்து, மொத்த எடையை மாற்றாமல் பின் பகுதிக்கு மட்டும் சுமையைத் தள்ளிப் பாருங்கள். கிளம்பிய கணமே மூக்கு நிமிர்ந்து வேகம் விழும். மரக்காணம் உப்பு மாதிரி கனமான சரக்கு கொஞ்சம் இடத்திலேயே எடையை முடித்துவிடும், அதை நடுவில் வைக்க வேண்டும். பூக்கூடை என்றால் எடை வருவதற்குள் இடம் தீர்ந்துவிடும்.

அடுத்தது வெயில். எங்கள் ஊருக்குப் பக்கத்து விமான நிலையம் புதுச்சேரி லாஸ்பேட்டை, ஓடுபாதை சுமார் 1,500 மீட்டர். கம்பெனி தரும் கணக்குப்படி, முழு எடையோடு கடல் மட்டத்தில் 15 டிகிரி குளிரில் காரவன் சுமார் 425 மீட்டர் ஓடி எழும்பும். எங்கள் பக்கம் 15 டிகிரி ஏது? கத்திரி வெயிலில் 40 டிகிரி வைத்துப் பார்த்தேன். சூட்டில் காற்று லேசாகிவிடுகிறது. லாஸ்பேட்டைத் தரையில் நிற்கும்போதே, இறக்கைக்கும் விசிறிக்கும் அது 3,000 அடி உயர மலைமேல் இருப்பதற்குச் சமம். ஓட்டம் ஐந்நூறு மீட்டரைத் தாண்டியது. லாஸ்பேட்டைக்கு இது பொருட்டில்லை. நேபாளத்தின் லுக்லாவில் ஓடுபாதையே 527 மீட்டர்தான், அதுவும் கடல் மட்டத்துக்கு 2,800 மீட்டருக்கு மேலே. அங்கே ஒவ்வொரு மூட்டையும் கணக்கில் வரும்.

உளுந்தூர்பேட்டையை நான் சும்மா எடுக்கவில்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வெள்ளைக்காரன் போட்ட ஓடுபாதை அங்கே இருக்கிறது. அது எதற்கு உதவும் என்று என்னை யோசிக்க வைத்தது ஒரு புயல். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் எங்கள் பக்கம் கரையைக் கடந்தது. மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்கு மழை. அரசூரில் வெள்ளம் ஏறி சென்னை–திருச்சி நெடுஞ்சாலை நின்றது. விக்கிரவாண்டி–முண்டியம்பாக்கம் பாலத்தில் தண்ணீர் தொட்டு ரயிலும் நின்றது. வாழ்நாளெல்லாம் லாரி அனுப்பியவனுக்கு அந்த இரண்டு நாளும் பொறுக்கவில்லை. இந்தக் கணக்கையெல்லாம் போட ஆரம்பித்ததே அதற்குப் பிறகுதான்.

சிமுலேட்டர் எல்லாவற்றையும் சொல்லிவிடாது. எடை, எரிபொருள், வெயில், ஓடுதூரம் இவற்றில் அதை நம்பலாம். மழையில் ஊறிய மண் சக்கரத்தை எப்படிப் பிடிக்கும், விரிசல் விட்ட பழைய கான்கிரீட் என்ன செய்யும், ஓடுபாதையில் மாடு குறுக்கே வந்தால் என்ன ஆகும் என்பதெல்லாம் அதற்குள் சரியாக இல்லை. புயல் அடிக்கும்போது எந்தச் சின்ன விமானமும் பறக்காது. ஃபெஞ்சல் அடித்த அன்று சென்னை விமான நிலையத்தையே மூடினார்கள். காரவன் மறுநாள் விடிந்த பிறகு உதவும் வண்டி.

சாதாரண நாளில் விழுப்புரம் மாவட்டத்துக்கு இந்த விமானம் தேவையே இல்லை. பத்துச் சக்கர லாரி ஒன்று பதினெட்டு டன் வரை ஏற்றும், காரவனுக்கு ஒரு டன்னே பெரிது. ஆனால் ரோடும் ரயிலும் அறுந்த காலையில் ஒரு டன் மருந்தும் பால் பவுடரும் அரை மணி நேரத்தில் வந்து இறங்குவது சின்ன விஷயமில்லை. அதற்கு ஆயிரம் மீட்டர் நல்ல தரை போதும். உளுந்தூர்பேட்டை ஓடுபாதையில் அவ்வளவு நீளத்தையாவது முள் வெட்டி, சமன்செய்து, ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழைக்கும் முன்பு தயாராக வைக்க வேண்டும் என்று அரசைக் கேட்டுக்கொள்கிறேன்.