கூரையில் விளையும் மின்சாரம்: விவசாயிகள் கவனிக்க வேண்டியவை

வடக்குப்பட்டு, ஒரகடம் வட்டாரத்தில் ஏரிப்பாசன நிலங்களுக்கு நடுவே தொழிற்சாலைகள் எழும்பிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. சாகுபடிப் பரப்பு சுருங்கினாலும், தளம் போட்ட வீடும் அதன்மேல் விழும் வெயிலும் சிறு விவசாயிகளிடம் மிச்சம் இருக்கின்றன. அந்த வெயிலை மின்சாரமாக்கும் தகடுகளும் இப்போது பக்கத்திலேயே தயாராகின்றன. ஒரகடத்தில் விக்ரம் சோலார் நிறுவனம் 2021-லும், பிள்ளைப்பாக்கத்தில் பர்ஸ்ட் சோலார் நிறுவனம் 2024-லும் தகடு ஆலைகளைத் திறந்தன. எனவே, 'நாமே வாங்கி நாமே மாட்டிக்கொண்டால் என்ன?' என்ற கேள்வி விவசாயிகளிடையே எழுவது இயல்பே.

இப்பகுதியில் இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் விவசாயி ஒருவர் அப்படியே செய்தார். மலிவாகக் கிடைத்த நான்கு தகடுகளையும் ஓர் இன்வெர்ட்டரையும் வாங்கி, வயரிங் தெரிந்த உறவினரை வைத்து வீட்டு மின்பலகையில் இணைத்துவிட்டார். மின்வாரியத்திற்கு விண்ணப்பிக்கவில்லை. இரண்டு மாதம் கழித்து வந்த கணக்கில் யூனிட் குறையவில்லை, கூடியிருந்தது! தகடு கெட்டுவிட்டது என்று அவர் எண்ணினார். தகட்டில் பழுதில்லை. கோளாறு இருந்த இடம் வேறு.

மீட்டர் செய்யும் கணக்கு

பகலில் வீட்டில் ஆளில்லாத வேளையில் தகடு தரும் மின்சாரம் முழுவதும் செலவாவதில்லை. மிஞ்சியது கம்பி வழியே வெளியே போகிறது. சாதாரண மின்னணு மீட்டர்களில் பல, மின்சாரம் எந்தத் திசையில் ஓடினாலும் செலவு என்றே பதிவு செய்யும். ஆகவே அந்த விவசாயி ஊருக்குக் கொடுத்த மின்சாரத்துக்கும் தாமே பணம் கட்டினார்.

இதற்காகவே இருவழி மீட்டர் பொருத்தப்படுகிறது. இது வாங்கிய யூனிட்டையும் கொடுத்த யூனிட்டையும் தனித்தனியே காட்டும். உதாரணமாக, இரண்டு மாதத்தில் வாங்கியது 260 யூனிட், கொடுத்தது 180 யூனிட் என்றால், மீதி 80 யூனிட்தான் கணக்குக்கு வரும். இதற்கு நிகர அளவீடு என்று பெயர். அனுமதி பெற்ற இணைப்புக்கு மட்டுமே இந்த மீட்டர் கிடைக்கும்.

உயிருக்கு ஆபத்து

பண நட்டத்தைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. முறையான இன்வெர்ட்டர், கம்பியில் மின்சாரம் நின்றவுடன் தானும் நின்றுவிடும். 'கரண்ட் போனால் சோலாரும் போகிறதே' என்று பலர் குறைப்படுகிறார்கள். அது குறையல்ல, காப்பு. மின்வெட்டின்போது நம் வீட்டு மின்சாரம் கம்பியில் ஏறினால், டிரான்ஸ்பார்மர் அதை 11,000 வோல்ட்டாக உயர்த்திவிடும். மின்சாரம் இல்லை என்று நம்பிக் கம்பத்தில் ஏறும் ஊழியர் அங்கேயே உயிரிழக்க நேரும். எனவே பேட்டரி இன்வெர்ட்டரையோ தரச்சான்று இல்லாத கருவியையோ வீட்டு இணைப்போடு நேரடியாகச் சேர்ப்பது கூடவே கூடாது. மின்வெட்டிலும் விளக்கு எரிய வேண்டுமானால், அதற்கெனத் தயாரிக்கப்பட்ட, பேட்டரியுடன் கூடிய அமைப்பை முதலிலேயே கேட்டு வாங்க வேண்டும்.

எத்தனை கிலோவாட் போதும்?

நம் பகுதியில் ஒரு கிலோவாட் தகடு ஆண்டுச் சராசரியாக நாளொன்றுக்குச் சுமார் 4 யூனிட், அதாவது இரண்டு மாதத்தில் ஏறத்தாழ 240 யூனிட் தரும். இதற்குச் சுமார் 100 சதுர அடி நிழலற்ற தளம் தேவை. ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களில் உற்பத்தி குறையும். கத்திரி வெயிலில் மிக அதிகம் கிடைக்கும் என்றும் எண்ண வேண்டாம். மின்சாரம் தருவது வெளிச்சம். சூடு ஏற ஏறத் தகட்டின் திறன் குறையவே செய்யும்.

தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்திற்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பதை விவசாயிகள் மறக்கக் கூடாது. 150 யூனிட் செலவாகும் வீட்டில் கட்டும் தொகையே சொற்பம். அங்கே கடன் வாங்கித் தகடு போடுவது லாபமாகாது. 400 யூனிட் செலவாகும் வீட்டுக்கு ஒரு கிலோவாட்டே பெரிய உதவி. 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண விகிதமே மாறிவிடுவதால், அப்படிப்பட்ட வீடுகளுக்குப் பலன் அதிகம். கடைசி ஆறு கணக்குகளை எடுத்துக் கூட்டிப் பார்த்தபின் முடிவு செய்வது நல்லது.

விண்ணப்பிக்கும் முறை

மத்திய அரசின் பிரதமர் சூரிய வீடு திட்டம் 2024 பிப்ரவரியில் தொடங்கப்பட்டது. 2026-27 நிதியாண்டு வரைக்கும் என வகுக்கப்பட்ட இத்திட்டத்தில், முதல் 2 கிலோவாட்டுக்குக் கிலோவாட் ஒன்றுக்கு ரூ.30,000, மூன்றாவது கிலோவாட்டுக்கு ரூ.18,000 மானியம் உண்டு. 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் மொத்தம் ரூ.78,000 மட்டுமே. பதிவு பெற்ற நிறுவனம் பொருத்த வேண்டும். தகடு இந்தியாவில் தயாரான செல்களைக் கொண்டதாக இருக்க வேண்டும். தாமே மாட்டிக்கொண்டவர்களுக்கு மானியம் இல்லை.

1. முதலில் மின் இணைப்பு யார் பெயரில் உள்ளது என்று பார்க்கவும். காலமான தந்தையின் பெயரிலேயே இருந்தால், பெயர் மாற்றத்தை முதலில் முடிக்கவும். விண்ணப்பம் இங்கே தடைபடக்கூடும்.

2. மின் இணைப்பு எண்ணுடன் திட்டத்தின் இணையதளத்தில் பதிவு செய்து விண்ணப்பிக்கவும். இணைய வசதி இல்லாதவர்கள் இ-சேவை மையத்தில் உதவி பெறலாம். 2024-ஆம் ஆண்டு திருத்தப்பட்ட மின் நுகர்வோர் உரிமை விதிகளின்படி, 10 கிலோவாட் வரை முழுமையான விண்ணப்பம் தொழில்நுட்ப ஆய்வின்றியே ஏற்கப்பட்டதாகக் கொள்ளப்படும்.

3. பதிவு பெற்ற நிறுவனங்கள் இரண்டு மூன்றிடம் எழுத்து மூலம் விலை வாங்கி ஒப்பிடவும். தகடு, இன்வெர்ட்டர், இரும்புச் சட்டம், எர்த் ஒவ்வொன்றும் தனித்தனியே குறிப்பிடப்பட வேண்டும்.

4. பொருத்திய பின் இருவழி மீட்டருக்கு விண்ணப்பிக்கவும். மின்வாரியத்தார் ஆய்வு செய்து இயக்கச் சான்று தந்தபின், வங்கிக் கணக்கு விவரத்தைப் பதிந்தால் மானியம் நேராகக் கணக்கில் வரும்.

ஒவ்வொரு தாளுக்கும் ஒரு நகல் வீட்டில் இருக்கட்டும்.

கொடுத்த மின்சாரத்துக்குப் பணம் வருமா?

'மாதாமாதம் வருமானம்' என்று சொல்லி விற்க வருவோரிடம் எச்சரிக்கை தேவை. நிகர அளவீட்டில் கொடுத்த யூனிட் வாங்கிய யூனிட்டில் கழிகிறதே தவிர, கையில் காசாக வருவதில்லை. மிஞ்சிய யூனிட் அடுத்த கணக்குக்கு வரவு வைக்கப்படும்.

இந்த விதிகள் மாறியும் வந்துள்ளன. 2012-ஆம் ஆண்டுக் கொள்கை நிகர அளவீட்டைக் கொண்டுவந்தது. 2019-ல் அது போய், கொடுக்கும் யூனிட்டுக்குத் தனி விலை என்ற முறை வந்தது. 2021-ல் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் வீட்டு இணைப்புகளுக்கு நிகர அளவீட்டை மீண்டும் அனுமதித்தது. ஆகவே ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் உதவி மின்பொறியாளரிடம் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும்: எந்த அளவீட்டு முறை? ஆண்டு முடிவில் மிஞ்சும் யூனிட் என்ன ஆகும்? வலையமைப்புக் கட்டணம் உண்டா, எவ்வளவு?

மற்ற குறிப்புகள்

தென்னை, வேப்ப மர நிழல் ஒரு தகட்டின் மூலையில் விழுந்தாலும் வரிசை முழுவதன் உற்பத்தியும் குறையலாம். தகடுகளைத் தெற்கு நோக்கிச் சற்றுச் சாய்வாக அமைக்கவும். 2016 டிசம்பரில் வார்தா புயல் வீசியதை நினைவிற்கொண்டு சட்டத்தை உறுதியாகப் பிணைக்கவும். தூசு படிந்தால் காலை வேளையில் வெறும் தண்ணீரால் கழுவினால் போதும். பம்புசெட்டு இணைப்பு வேறு, வீட்டு இணைப்பு வேறு. இரண்டையும் கலக்கக் கூடாது. பம்புசெட்டு பற்றி வேளாண்மைப் பொறியியல் துறையை அணுகவும்.

முதலில் சொன்ன விவசாயி தகடுகளின் இணைப்பை உடனே துண்டித்துவிட்டார். தந்தை பெயரிலிருந்த இணைப்பைத் தம் பெயருக்கு மாற்றி, முறைப்படி விண்ணப்பித்திருக்கிறார். சான்று பெறாத விதையை நம்பி ஒரு போகத்தை இழப்பவர் மறு போகத்தில் ஈடு செய்துகொள்ளலாம். சூரியத் தகடோ 25 ஆண்டுப் பயிர். விதைக்கும் முன் தாள்களைச் சரிபார்த்துக்கொள்வதே சிக்கனம்.