லினக்ஸ் கம்ப்யூட்டரில் பிரிண்டர்: நாமே பூட்டலாம், நாமே ஓட்டலாம்!

மூன்றாமாண்டு, கணினிப் பொறியியல் துறை



டிப்ளமோவில் கம்ப்யூட்டர் படிக்கிறோம் என்று ஊரில் சொன்னால், "புரோகிராம் எழுதத் தெரியுமா?" என்று யாரும் கேட்பதில்லை. "தம்பி, இந்தப் பட்டாவை ஒரு பிரிண்ட் எடுத்துக் குடு" என்றுதான் கேட்கிறார்கள். எங்கள் வீட்டில் காலேஜ் படியேறிய முதல் ஆள் நான். எங்கள் அம்மாவைப் பொறுத்தவரை கம்ப்யூட்டர் என்றால் அதிலிருந்து பேப்பர் வர வேண்டும். வராவிட்டால் படித்தது பாதிதான்!

யோசித்துப் பார்த்தால் இதில் நியாயம் இருக்கிறது. பட்டா, சிட்டா, சாதிச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ், ஹால் டிக்கெட், புராஜெக்ட் ரிப்போர்ட் எதுவானாலும் திரையில் தெரிந்தால் மட்டும் போதாது. கடைசியில் கையில் காகிதமாக இருக்க வேண்டும். ஆனால் நாம் மூன்று வருடம் படிக்கும் பாடத்தில் பிரிண்டருக்குக் கிடைப்பது "அவுட்புட் டிவைஸ்" என்ற ஒரு வரிதான். அந்த ஒரு வரியைக் கொஞ்சம் விரித்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஏன் லினக்ஸ்?

தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. எல்காட் நிறுவனம் வாங்கிக் கொடுத்த அந்த மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. 'பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ்' என்பதன் சுருக்கமே பாஸ். மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் டெபியன் லினக்ஸை அடிப்படையாக வைத்து உருவாக்கியது. அக்காவுக்கோ அண்ணனுக்கோ கிடைத்த அந்த லேப்டாப் இன்றும் பல வீடுகளில் இருக்கிறது. அதைத் திறக்கும்போது வரும் இரண்டாவது பெயரை என்னவென்று தெரியாமலே தாண்டிப் போயிருப்போம்.

இன்னொரு காரணமும் உண்டு. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. பழைய கம்ப்யூட்டர்கள் பலவற்றில் விண்டோஸ் 11 ஏறாது. அதற்காக அவற்றை எடைக்குப் போட வேண்டியதில்லை. லினக்ஸ் ஏற்றினால் இன்னும் பல வருடம் உழைக்கும். "சரிப்பா, ஆனா லினக்ஸ்ல பிரிண்டர் வராதாமே?" என்பதுதான் எல்லோருடைய பயம். வரும் நண்பர்களே, வரும்!

பிரிண்டரில் பிறந்த கோபம்

சொன்னால் ஆச்சரியமாக இருக்கும். சுதந்திர மென்பொருள் என்ற எண்ணம் முளைத்ததில் ஒரு பிரிண்டருக்கும் பங்கு உண்டு. 1980 வாக்கில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வுக்கூடத்துக்கு ஜெராக்ஸ் நிறுவனத்தின் லேசர் பிரிண்டர் ஒன்று வந்தது. அங்கே வேலை பார்த்த ரிச்சர்ட் ஸ்டால்மன், அதற்கு முன்பிருந்த பிரிண்டரின் மென்பொருளைத் தாமே திருத்தி வைத்திருந்தார். பேப்பர் சிக்கினால், காத்திருப்பவர்களின் திரைக்குத் தகவல் போகும். புதிய பிரிண்டரிலும் அதையே செய்ய நினைத்தார். மூல நிரல் கிடைக்கவில்லை. அதை வைத்திருந்த ஒருவரிடம் நேரில் போய்க் கேட்டபோதும், தரக்கூடாது என்று ஒப்பந்தம் இருப்பதாகச் சொல்லி மறுத்துவிட்டார்.

நம்மிடம் இருக்கும் இயந்திரத்தை நாமே சரிசெய்ய முடியாதா என்ற அந்தக் கோபம் அவருக்குள் தங்கிவிட்டது. 1983 செப்டம்பரில் அவர் க்னூ திட்டத்தை அறிவித்தார். 1991-இல் பின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற கல்லூரி மாணவர் எழுதிய லினக்ஸ் கருநிரல், பிறகு க்னூ மென்பொருள்களோடு சேர்ந்து முழு இயங்குதளமானது.

உள்ளே என்னதான் நடக்கிறது?

இன்று லினக்ஸில் அச்சு வேலையைக் கவனிப்பது 'கப்ஸ்' என்ற மென்பொருள். 'காமன் யூனிக்ஸ் பிரிண்டிங் சிஸ்டம்' என்பதுதான் அதன் பழைய முழுப்பெயர். மைக்கேல் ஸ்வீட் என்பவர் 1997-இல் எழுதத் தொடங்கினார், 1999-இல் வெளிவந்தது. 2002-இல் ஆப்பிள் நிறுவனம் தன் மேக் கம்ப்யூட்டர்களிலும் அதையே வைத்துக்கொண்டது. ஆக, லட்ச ரூபாய் மேக்கிலும் நம் வீட்டுப் பழைய லேப்டாப்பிலும் அச்சு வேலை பார்ப்பது ஒரே குடும்பம்தான்!

இதில் மூன்று வேலைகள் நடக்கின்றன.

முதலாவது, வரிசை. ரேஷன் கடையில் கூட்டமாக இருந்தால் பையை வரிசையில் வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போகிறோம் அல்லவா? அதுபோல நாம் 'பிரிண்ட்' கொடுத்ததும் கோப்பின் ஒரு நகலை கப்ஸ் வாங்கி வரிசையில் வைத்துக்கொள்ளும். நாம் அடுத்த வேலையைப் பார்க்கலாம்.

இரண்டாவது, மொழிமாற்றம். நம் கோப்பு பி.டி.எஃப். ஆகவோ படமாகவோ இருக்கும். பிரிண்டருக்கோ அதன் சொந்த மொழி மட்டும்தான் புரியும். ஒன்றை மற்றொன்றாக மாற்றித் தருவது ஃபில்டரும் டிரைவரும்.

மூன்றாவது, கொண்டுபோய்ச் சேர்ப்பது. யு.எஸ்.பி. கேபிள் வழியாகவோ நெட்வொர்க் வழியாகவோ பிரிண்டரின் வாசலில் இறக்குவது இந்தப் பகுதி.

பிரிண்டர் வேலை செய்யவில்லை என்றால், இந்த மூன்றில் ஏதோ ஓரிடத்தில் சிக்கல், அல்லது பிரிண்டரிலேயே பழுது. எந்த இடம் என்று கண்டுபிடிப்பதுதான் பாதி வைத்தியம்.

பூட்டும் முறை

கட்டளைகளை உச்சரிப்பில் தருகிறேன். அடிக்கும்போது ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் அடிக்கவும்.

1. கேபிளைச் செருகி பிரிண்டரை ஆன் செய்யுங்கள். டெர்மினலில் 'எல்எஸ்யுஎஸ்பி' என்று அடியுங்கள். பட்டியலில் பிரிண்டரின் பெயர் வந்தால் கேபிள் சரி. வராவிட்டால் டிரைவரைத் திட்டிப் பயனில்லை. கேபிளை மாற்றிப் பாருங்கள்.

2. பிரவுசரைத் திறந்து, முகவரிப் பட்டையில் 'லோக்கல்ஹோஸ்ட்' என்று அடித்து, முக்காற்புள்ளி வைத்து, 631 என்று எண்ணைச் சேருங்கள். கப்ஸின் நிர்வாகப் பக்கம் வரும். இதற்கு இன்டர்நெட் தேவையில்லை. நம் கம்ப்யூட்டர் நமக்கே காட்டும் பக்கம் இது.

3. 'அட்மினிஸ்ட்ரேஷன்' பகுதியில் 'ஆட் பிரிண்டர்' கொடுங்கள். பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும். டெபியன், உபுண்டு வகைகளில் 'எல்பிஅட்மின்' என்ற குழுவில் உள்ளவர்களுக்கே இந்த உரிமை உண்டு.

4. டிரைவரைத் தேர்ந்தெடுங்கள். சமீபத்திய நெட்வொர்க் பிரிண்டர்கள் பலவற்றுக்குத் தனி டிரைவரே வேண்டாம். தானாகவே பட்டியலில் வந்து நிற்கும். எச்.பி. பிரிண்டர் என்றால் 'எச்பிலிப்' என்ற தொகுப்பு இருக்கிறது. இங்க்ஜெட் பலவற்றுக்கு 'கூட்டன்பிரிண்ட்' உதவும். லேசர்ஜெட் 1020 போன்றவை, ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் கம்ப்யூட்டரிலிருந்து தம் உள்நிரலை வாங்கிக்கொண்டுதான் எழும். ஜெராக்ஸ் கடைகளில் நாம் பார்க்கும் கேனன் எல்.பி.பி. 2900 'கேப்ட்' என்ற தனி மொழி பேசும். அதற்கான டிரைவரைத் தேடிப் போட வேண்டும். பிரிண்டர் வாங்கும் முன்பே லினக்ஸுக்கு டிரைவர் உண்டா என்று பார்த்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

5. தாள் அளவைப் பாருங்கள். சில சமயம் அமெரிக்க 'லெட்டர்' அளவு அமைந்திருக்கும். அது 215.9-க்கு 279.4 மில்லிமீட்டர். நாம் பயன்படுத்தும் ஏ4 தாள் 210-க்கு 297. இதைக் கவனிக்காமல் விட்டால் ரிப்போர்ட்டின் ஓரம் வெட்டுப்படும், அல்லது பேப்பர் இல்லை என்று பிரிண்டர் காத்துக்கொண்டே நிற்கும்.

தமிழ் சரியாக வர...

இந்திய மொழிகளில் முதலில் அச்சேறியது நம் தமிழ்தான். 1578-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சானது. அன்று உலோகத்தில் எழுத்தை வார்த்தார்கள். இன்று எழுத்துரு கோப்பாக இருக்கிறது. ஒரு கம்ப்யூட்டரில் அடித்த தமிழ் இன்னொன்றில் கட்டம் கட்டமாகவோ புரியாத ஆங்கில எழுத்தாகவோ வந்தால், அந்த எழுத்துரு அங்கே இல்லை என்று பொருள். இதற்கு எளிய வழி, யூனிகோடில் அடித்து பி.டி.எஃப். ஆக்கிவிடுவது. எழுத்துரு கோப்புக்குள்ளேயே பதிந்துவிடும். கொம்பும் காலும் கலையாது. டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் உள்ளேயே இருக்கும் எழுத்துகளில் பொதுவாகத் தமிழ் கிடையாது. தமிழைப் படமாக மாற்றி அனுப்ப வேண்டும். மெதுவாகத்தான் வரும், ஆனால் வரும்.

நின்றுபோனால் என்ன செய்வது?

பேப்பர் சிக்கினாலோ கேபிள் கழன்றாலோ, பல கம்ப்யூட்டர்களில் கப்ஸ் வரிசையையே நிறுத்தி வைத்துவிடும். நாம் பேப்பரை எடுத்துவிடுவோம், பிரிண்டரை நாலு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுவோம், ஒன்றும் நடக்காது. ஏனென்றால் நின்றது பிரிண்டர் இல்லை, வரிசை!

'எல்பிஸ்டாட்' என்று அடித்து, இடைவெளி விட்டு, சிறுகோட்டோடு 'பி' சேருங்கள். 'டிசேபிள்டு' என்று வந்தால் வரிசை நிற்கிறது. 'கப்ஸ்எனேபிள்' என்று அடித்துப் பக்கத்தில் பிரிண்டரின் பெயரைக் கொடுத்தால் மறுபடி ஓடும். காத்திருக்கும் வேலைகளைப் பார்க்க 'எல்பிஸ்டாட்' உடன் சிறுகோடு 'ஓ'. எல்லாவற்றையும் நீக்க 'கேன்சல்' உடன் சிறுகோடு 'ஏ'. ஒரே ரிப்போர்ட்டை ஐந்து முறை கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்கள், வரிசையைத் திறக்கும் முன் நான்கை நீக்கிவிடுங்கள். பேப்பர் மிச்சமாகும்.

பலருக்கு ஒரு பிரிண்டர்

ஒரு பிரிண்டரை ஒரு கம்ப்யூட்டரில் மாட்டி, அதே நிர்வாகப் பக்கத்தில் பகிர்வைத் திறந்துவிட்டால், அந்த நெட்வொர்க்கில் உள்ள மற்ற கம்ப்யூட்டர்களும் அதில் அச்செடுக்கலாம். "ஒருத்தனே எல்லா பேப்பரையும் தீர்த்துட்டா?" என்று கேட்பீர்கள். அதற்கும் வழி உண்டு. ஒருவருக்கு இத்தனை நாளுக்கு இத்தனை பக்கம் என்று 'எல்பிஅட்மின்' கட்டளையால் அளவு வைக்கலாம். காலத்தை நொடியில் கொடுக்க வேண்டும். ஒரு வாரம் என்றால் 6,04,800 நொடி. பக்க அளவு 20 என்று வைத்தால், 20 பக்கம் எடுத்தவரின் அடுத்த கோப்பை அந்த வாரம் ஏற்காது. ஆனால் ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு இருந்தால்தான் இது பலிக்கும். யார் எத்தனை பக்கம் எடுத்தார் என்ற பதிவேட்டையும் கப்ஸே எழுதும்.

எச்சரிக்கை ஒன்று. 2024 செப்டம்பரில் கப்ஸின் துணை நிரல்களில் சில குறைகள் வெளியாயின. வெளியாள் ஒருவர் போலிப் பிரிண்டரை நம் பட்டியலில் நுழைத்து, அதற்கு யாராவது அச்சுக் கொடுத்தால் தன் கட்டளையை நம் கம்ப்யூட்டரில் ஓட்ட முடியும் என்று தெரிந்தது. திருத்தங்கள் வந்துவிட்டன. எனவே மென்பொருளைப் புதுப்பித்து வையுங்கள். 631 என்ற வாசலை இன்டர்நெட் பக்கம் திறந்து வைக்காதீர்கள்.

முடிவாக...

நம்மோடு படிக்கும் நண்பர்களில் கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வருபவர்கள் இருக்கிறார்கள். ரிப்போர்ட் கொடுக்க வேண்டிய கடைசி நாளில் பிரிண்டர் நின்றுவிட்டால் சின்னசேலத்தில் வீடு இருப்பவன் நாளைக்கு எடுத்துக்கொள்வான். வெள்ளிமலை பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவனுக்கு ஒரு நாளும், போக வரச் செலவும் போய்விடும். அவனுக்காகவாவது ஒவ்வொரு வகுப்பிலும் இரண்டு பேர் இந்த வேலையைக் கற்று வைத்திருக்க வேண்டும்.

நம் மாணவர் பேரவைக்கு ஒரு வேண்டுகோள். ஒரு பழைய கம்ப்யூட்டர், அதில் லினக்ஸ், ஒரு பிரிண்டர், ஆளுக்கு வாரம் 20 பக்கம். அடுத்த ஆண்டு இதைச் செய்து காட்டலாமே! மென்பொருளுக்குக் காசில்லை, பேப்பருக்கும் டோனருக்கும் மட்டுமே செலவு. பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றால், இதைப் படித்து முடித்த நீங்கள் இருக்கிறீர்கள்.

கற்போம்! கற்றதைப் பகிர்வோம்!