கைவிட்ட மூணு கேம்கள்

என் பழைய ஹார்ட் டிஸ்கில் 'கேம்' என்று ஒரு ஃபோல்டர் இருக்கிறது. உள்ளே மூன்று மொபைல் கேம்கள். ஒன்று வெளியே வரவே இல்லை. ஒன்று வந்து காணாமல் போனது. மூன்றாவது பாதியில் நிற்கிறது. எல்லாமே பகல் வேலை முடிந்து, ராத்திரி பத்து மணிக்கு மேல் தனியாளாக உட்கார்ந்து செய்தவை. "நேரம் கிடைக்கலை, அதான் விட்டுட்டேன்" என்றுதான் கேட்டவர்களிடமெல்லாம் சொல்லிவந்தேன். போன வாரம் அப்போது எழுதிவைத்த குறிப்புகளை எடுத்துப் படித்தேன். நேரமெல்லாம் நிறையவே இருந்திருக்கிறது. காரணம் வேற.

1. பல்லாங்குழி (2017)

பதினான்கு குழி, குழிக்கு 5 வீதம் 70 முத்து. ஒரு குழியில் இருப்பதை அள்ளி, அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாகப் போட வேண்டும். கை காலியானதும் அடுத்த குழியை அள்ளித் தொடரணும். அந்தக் குழி வெறுமையாக இருந்தால், அதற்கும் அடுத்த குழியில் இருப்பது உங்களுக்கு. நடுவில் ஒரு குழியில் 4 சேர்ந்தால் அது பசு. குழிக்குச் சொந்தக்காரர் எடுத்துக்கொள்வார். ஊருக்கு ஊர் விதி கொஞ்சம் மாறும், எங்க வீட்டு விதி இது.

கோட் இரண்டே ராத்திரியில் முடிந்தது. சிக்கல் அனிமேஷனில். ஒரே ஆட்டத்தில் நாற்பது முத்து வரை போட வேண்டி வரும். ஒரு முத்துக்கு 0.3 நொடி என்றால் மொத்தம் 12 நொடி. ஒரு தட்டு தட்டிவிட்டு 12 நொடி சும்மா பார்த்துக்கொண்டிருக்கணும். வேகத்தை மூன்று மடங்கு கூட்டினால், பசு யாருக்குப் போச்சுன்னே தெரியவில்லை.

நிஜப் பலகையிலும் இதே நேரம் ஆகும், அதைவிட அதிகமாகவே ஆகும். ஆனால் அங்கே போடுவது உங்க கை. கை போட்டுக்கொண்டே போகும், கண் முன்னால் எண்ணிக்கொண்டிருக்கும், வாய் பாட்டுக்கு ஊர்க்கதை பேசும். அம்மாவிடம் கொடுத்தேன். ஒரு ஆட்டம் ஆடிவிட்டுப் போனைத் திருப்பித் தந்தார். "இதுல நான் என்னடா பண்றேன்? அதுவே போட்டுக்குது."

விஷயம் அதோடு முடிந்துவிட்டது. நான்தான் முடிக்கவில்லை. இன்னும் நாலு மாசம் பலகைக்கு மர நிறம், முத்து விழுகிற சத்தம் என்று மெருகேற்றிக்கொண்டிருந்தேன்.

2. ஆடு புலி ஆட்டம் (2019)

23 புள்ளி, 3 புலி, 15 ஆடு. புலி ஆட்டைத் தாண்டி வெட்டும். ஆடுகள் புலியை நகரவிடாமல் மடக்கணும். போனில் ஆடுகிறவர் பெரும்பாலும் தனியாக இருப்பார், அதனால் எதிராளியாகக் கணினி வேணும். இதற்கு வழக்கமான வழி மினிமேக்ஸ். நான் இங்கே நகர்ந்தால் எதிராளியின் சிறந்த பதில் என்ன, அதற்கு என் சிறந்த பதில் என்ன என்று சில படிகள் முன்னால் போய்ப் பார்த்துவிட்டு, இருப்பதில் நல்ல நகர்வைத் தேர்ந்தெடுப்பது.

சில படிகள் மட்டும் பார்க்கவிட்டால் புலி சுலபமாக மாட்டியது. படிகளைக் கூட்டினால், என் பரிசோதனையில் யாராலும் அதை மடக்க முடியவில்லை. நடுவில் நிறுத்துவதற்காக, அவ்வப்போது தப்பான நகர்வு செய்யும்படி வைத்தேன். "புலி திடீர்னு லூசு மாதிரி நடக்குது" என்றான் நண்பன். சரிதான். மனுஷன் பேராசையில்தான் தப்பு பண்ணுவான். ஒரு ஆட்டுக்கு ஆசைப்பட்டு மூலைக்குப் போய் மாட்டிக்கொள்வான். அந்த ஆசையைத் தூண்டிவிடுவதில்தான் ஆடு வைக்கிறவருக்கு ருசி. என் புலிக்கு ஆசையே கிடையாது.

இருந்தாலும் வெளியிட்டேன். சில நூறு பேர் இறக்கினார்கள். ஓய்வு பெற்ற ஒருவர் மெயில் போட்டார்: துபாயில் இருக்கும் தம்பியோடு இதில் ஆட வழி உண்டா? சர்வர், கணக்கு, மாசாமாசம் செலவு என்று மனசுக்குள் கணக்குப் போட்டேன். அவருக்குப் பதில் போடவே இல்லை. புதுப் போன்களுக்கு ஏற்ப ஆப்பைப் புதுப்பிக்கச் சொல்லி அறிவிப்பு வந்தது. அதையும் செய்யவில்லை. பிறகு புதுப் போன்களில் தேடினால் ஆப் கிடைக்காமல் போனது.

3. சொல் கண்டுபிடிக்கும் கேம் (2022)

வேர்டில் பரவிய நேரம். தமிழில் ஒன்று செய்யலாமே என்று இறங்கினேன். முதல் தடை எழுத்து எண்ணுவதில். 'கோவில்' நமக்கு மூணு எழுத்து. யூனிகோடில் அது ஆறு குறி: க, ஓகாரக் குறி, வ, இகரக் குறி, ல, புள்ளி. இதைக் கோட் எழுதிச் சரிசெய்துவிடலாம், செய்தேன்.

அடுத்தது அப்படித் தீரவில்லை. ஆங்கிலத்தில் 26 எழுத்துதான் என்பதால் குத்துமதிப்பாகப் போட்டாலும் ஏதாவது ஒன்று பொருந்தும். நம்மிடம் 247. பெரும்பாலான யூகங்களுக்கு எல்லாக் கட்டமும் சாம்பல் நிறமாகவே வந்தது. 'க' போட்டு விடையில் 'கா' இருந்தால் என்ன நிறம் காட்டுவது? மூன்றாவது நிறம் ஒன்று சேர்த்தேன். ஆடிப் பார்த்த ஆறு பேரும் சொல்லை விட்டுவிட்டு, எந்த நிறத்துக்கு என்ன அர்த்தம் என்பதையே யோசித்துக்கொண்டிருந்தார்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தொல்லை, எது சொல் என்பது. அகராதியில் 'மரம்' இருக்கும், 'மரத்தை' இருக்காது. 'வந்தான்' தனிச்சொல்லாக இருக்காது. ஆனால் யோசிக்கும்போது நம் வாயில் வருவது அதுதானே. "வந்தான் தமிழ் இல்லையா?" என்று ஒருவர் கோபித்துக்கொண்டார். அவரிடம் என்ன சொல்வது?

அப்போ எங்கேதான் தப்பு?

மூன்றிலும் ஒரே ஒரு கேள்விதான் எல்லாவற்றையும் தீர்மானித்தது. கை இல்லாமல் பல்லாங்குழி ருசிக்குமா? ஆள் இல்லாமல் ஆடு புலி ருசிக்குமா? அகராதிச் சொல்லை மட்டும் வைத்துத் தமிழில் யூகிக்க முடியுமா? மூன்றையும் ஒரு சாயங்காலத்தில், காகிதத்தில், பக்கத்து வீட்டுக்காரரோடு ஆடிப் பார்த்தே தெரிந்துகொண்டிருக்கலாம். நான் அதைக் கடைசிக்குத் தள்ளினேன். கோட் எழுதுவது சுகமாக இருந்தது, கேள்வியோ பயமாக இருந்தது.

2014-ல் வந்த 'த்ரீஸ்' என்ற எண் விளையாட்டின் வடிவமைப்பாளர்கள், அதை உருவாக்கிய 14 மாதத்தில் ஒருவருக்கொருவர் அனுப்பிய மெயில்களைப் பிறகு வெளியிட்டார்கள். முயன்று பார்த்துத் தூக்கிப்போட்ட யோசனைகள் அதில் வரிசையாகக் கிடக்கின்றன. அதே வகையைச் சேர்ந்த '2048'-ஐ, அடுத்த மாதமே கேப்ரியேலே சிருல்லி என்ற இத்தாலிய இளைஞர் ஒரு வார இறுதியில் எழுதினார். கோட் எழுத இரண்டு நாள் போதும். எது ருசிக்கும் என்று கண்டுபிடிக்கத்தான் 14 மாதம்.

இப்போது எனக்கு ஒரு விதி உண்டு. முதலில் காகிதம். எதிரில் இருப்பவர் தானாகவே "இன்னொரு ஆட்டம் போடலாமா?" என்று கேட்காத வரைக்கும் லேப்டாப்பைத் திறப்பதில்லை. இதுவரை யாரும் கேட்கவில்லை. பரவாயில்லை, ராத்திரியில் தூங்குகிறேன்.

இன்னொரு வேலையும் பாக்கி இருக்கிறது. அந்தப் பெரியவரின் மெயிலுக்கு இன்று பதில் எழுதியிருக்கிறேன். ஆப் இனிமேல் வராது என்று சொல்லி மன்னிப்பும் கேட்டிருக்கிறேன். கூடவே ஆடு புலிக் கட்டத்தை அச்செடுக்கிற மாதிரி ஒரு படம். 23 புள்ளிக்கும் எண் போட்டிருக்கிறேன். இரண்டு வீட்டிலும் ஆளுக்கொரு தாளை வைத்துக்கொண்டு, "ஏழிலிருந்து பன்னிரண்டு" என்று வீடியோ காலில் சொல்லிச் சொல்லியே அண்ணனும் தம்பியும் ஆடலாம். 2019-லேயே இதை அனுப்பியிருக்கலாம்.