கதை அதிர்ச்சிகள் ஏன் விருந்தில் நடக்கின்றன?

(முன்னெச்சரிக்கை: கேம் ஆஃப் த்ரோன்ஸ், பொன்னியின் செல்வன் இரண்டின் முக்கியத் திருப்பங்களும் இதில் வரும். படிக்காதவர்கள், பார்க்காதவர்கள் இப்போதே விலகிக்கொள்ளலாம்.)

போன கோடை விடுமுறையில் நன்னிலம் வீட்டில் ஒரு ராத்திரி கரண்ட் போய்விட்டது. எல்லோரும் வாசலில் வந்து உட்கார்ந்தோம். கல்லூரி முதலாம் ஆண்டு படிக்கும் என் மகள் ஆரம்பித்தாள்: "படிச்சதுல, பார்த்ததுல, உங்களை ரொம்ப அதிர வெச்ச இடம் எது?"

அவள் பதில் தயாராக இருந்தது. கேம் ஆஃப் த்ரோன்ஸில் வரும் ரெட் வெட்டிங். நான் ஆதித்த கரிகாலன் சாகும் இடத்தைச் சொன்னேன். அம்மா யோசிக்கவே இல்லை. "சிறுத்தொண்டர் கதைதான். இன்னிக்கும் அதை முழுசா உக்காந்து கேக்க மாட்டேன்."

மூன்று தலைமுறை, மூன்று பதில். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத மாதிரித்தான் அன்றைக்குத் தோன்றியது. சென்னைக்குத் திரும்பிய பிறகுதான் உறைத்தது: மூன்றுமே விருந்தாளி சம்பந்தப்பட்ட கதைகள். இது தற்செயலா என்று பார்க்கத்தான் இந்தக் குறிப்பு.

முதலில் மகளின் தேர்வு. ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் மூன்றாவது நாவல் 2000-இல் வந்தது. அதில் இருக்கும் இந்தக் காட்சி 2013 ஜூனில் தொலைக்காட்சித் தொடராக ஒளிபரப்பானது. ராப் ஸ்டார்க் என்ற இளம் அரசன், வால்டர் ஃப்ரே என்பவரின் மகள்களில் ஒருத்தியைக் கட்டிக்கொள்வதாக வாக்குக் கொடுத்துவிட்டு வேறொருத்தியைக் கட்டிக்கொள்கிறான். சமாதானம் பேச ஃப்ரே வீட்டுக்கு, ஒரு கல்யாணத்துக்குப் போகிறான். அந்த உலகத்தில் ஒரு சட்டம் உண்டு. ஒருவர் வீட்டில் ரொட்டியும் உப்பும் தின்றுவிட்டால் விருந்தாளிக்கு அங்கே ஆபத்து வரக்கூடாது. தின்றார்கள். அதே ராத்திரி, பாட்டுக் கச்சேரி நடக்கும்போதே மகன், தாய், படை எல்லோரும் கொல்லப்படுகிறார்கள்.

மார்ட்டின் இதை முழுக்கக் கற்பனையில் பிடிக்கவில்லை. ஸ்காட்லாந்து வரலாற்றின் இரண்டு சம்பவங்கள் பின்னணி. 1440-இல் எடின்பரோ கோட்டையில் டக்ளஸ் குடும்பத்தின் இளம் பிரபுவையும் அவன் தம்பியையும் விருந்துக்குக் கூப்பிட்டுக் கொன்றார்கள். 1692-இல் கிளென்கோ என்ற பள்ளத்தாக்கில், இரண்டு வாரத்துக்குக் கொஞ்சம் குறைவாக விருந்தாளிகளாகத் தங்கிச் சாப்பிட்ட சிப்பாய்கள், விடியற்காலையில் எழுந்து அந்த வீட்டுக்காரர்களையே கொன்றார்கள். ஒன்றில் வீட்டுக்காரன் விருந்தாளியைக் கொல்கிறான். இன்னொன்றில் விருந்தாளி வீட்டுக்காரனைக் கொல்கிறான்.

இப்போது என் தேர்வு. மாயவரம் பக்கத்துப் புத்தமங்கலத்தில் பிறந்த கல்கி, 1950 முதல் 1954 வரை வாரா வாரம் எழுதிய தொடர் பொன்னியின் செல்வன். கரிகாலன் காஞ்சியிலிருந்து சம்புவரையரின் கடம்பூர் மாளிகைக்கு விருந்தாளியாக வருகிறான். போகக்கூடாது என்று தடுக்கத்தான் குந்தவை வந்தியத்தேவனை அனுப்புகிறாள். தடுக்க முடியவில்லை. வானத்தில் வால் நட்சத்திரம் வேறு. ஐந்தாம் பாகத்தில் ஒரு அறையில் விளக்கு அணைகிறது, இருட்டு, பிறகு பிணம். யார் கை என்று கல்கி நேராகக் காட்டுவதில்லை.

வரலாற்றிலும் இது இருட்டுதான். காட்டுமன்னார்கோவில் பக்கத்து உடையார்குடிக் கோயிலில் ராஜராஜனின் 2-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு இருக்கிறது. கரிகாலனைக் கொன்ற துரோகிகளாக சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் ஆகியோரைப் பெயர் சொல்கிறது, அவர்கள் குடும்பச் சொத்துகள் சம்பந்தமான நடவடிக்கையைப் பதிவு செய்கிறது. ஏன் கொன்றார்கள், யாருக்காகக் கொன்றார்கள் என்று கல் பேசுவதில்லை. கல்கிக்கு அந்த இடைவெளிதான் இடம் கொடுத்தது. கடம்பூர் மாளிகையும் விருந்தும் அவர் வைத்தது. கொலையை வைக்க ஒரு நாவலாசிரியருக்கு எத்தனையோ இடம் இருந்தும், விருந்து வீட்டைத் தேர்ந்தெடுத்தார் பாருங்கள்.

மூன்றாவது, அம்மாவின் தேர்வு. நன்னிலத்துக்குக் கிழக்கே, திருக்கண்ணபுரம் தாண்டினால் திருச்செங்காட்டங்குடி. இந்த ஊர்க்காரர்தான் பரஞ்சோதி, பல்லவனுக்காக வாதாபியை அடித்த தளபதி. சிவகாமியின் சபதத்தில் வருகிற அதே பரஞ்சோதி. படையை விட்டு ஊருக்கு வந்து சிறுத்தொண்டர் ஆன பிறகு நடப்பதைத்தான் 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் சொல்கிறார்.

தினம் ஒரு சிவனடியாருக்குச் சோறு போட்ட பிறகே சாப்பிடுவது சிறுத்தொண்டர் வழக்கம். ஒருநாள் அடியார் யாரும் கிடைக்கவில்லை. அவர் தேடிப் போன நேரத்தில் பைரவ வேடத்தில் ஒருவர் வீட்டுக்கு வருகிறார். பெண்கள் மட்டும் இருக்கும் வீட்டில் நுழைய மாட்டேன் என்று கோயில் ஆத்தி மரத்தடியில் போய் உட்கார்ந்துகொள்கிறார். சிறுத்தொண்டர் ஓடிப்போய் அழைக்கிறார். அப்புறம் நிபந்தனைகள் ஒவ்வொன்றாக வருகின்றன. ஆறு மாதத்துக்கு ஒருமுறைதான் உண்பேன், இன்று அந்த நாள். சரி. பசு வேண்டும். மந்தையே இருக்கிறது. மனிதப் பசு. ஐந்து வயது. உடம்பில் பழுது கூடாது. வீட்டுக்கு ஒரே பிள்ளை. தாய் பிடிக்க, தகப்பன் அறுக்க, இருவரும் மனம் ஒப்பிச் செய்ய வேண்டும்.

சாஃப்ட்வேர் ஆள் என்பதால் எனக்கு இந்தக் கட்டமைப்பு ரொம்பப் பரிச்சயம். முதல் கோரிக்கைக்குச் "சரி" சொன்னவனால் ஏழாவதுக்கு "முடியாது" சொல்ல முடியாது. ஒவ்வொரு படியும் முந்தின படியைவிடக் கொஞ்சம்தான் உயரம். கேட்கிறவனும் அவரோடு கூடவே ஏறிவிடுகிறான்.

பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளை சீராளனைக் கூட்டி வருகிறார்கள். கறி சமைக்கிறார்கள். உண்ண உட்கார்ந்த விருந்தாளி, உன் மகனையும் கூப்பிடு, சேர்ந்து உண்போம் என்கிறார். கூப்பிடுகிறார்கள். பள்ளியிலிருந்து வருகிறவன் மாதிரி பையன் ஓடி வருகிறான். உள்ளே போய்ப் பார்த்தால் விருந்தாளியைக் காணோம். வந்தது சிவன்.

இங்கே ஒரு சந்தேகம் வரும். ரத்தம் அதிகமாக இருப்பதால்தானே மனசில் நிற்கிறது? இல்லை. பெரியபுராணத்திலேயே இதைவிட அதிகம் பேர் சாகும் கதை உண்டு. திருவாரூருக்குத் தெற்கே நாட்டியத்தான்குடிக் கோட்புலி நாயனார், சிவனுக்கு என்று சேர்த்து வைத்த நெல்லைப் பஞ்சத்தில் தின்றுவிட்டார்கள் என்று, போரிலிருந்து திரும்பி வந்து உறவினர் அத்தனை பேரையும் வெட்டுகிறார். கைக்குழந்தையைக்கூட விடவில்லை. பாதிப்பேருக்கு அந்தக் கதை நினைவில்லை. சீராளனைத் தெரியாதவர் எங்கள் பக்கத்தில் குறைவு.

என் கணக்கு இதுதான். அதிர்ச்சியின் அளவு பிணங்களின் எண்ணிக்கையில் இல்லை. உடையும் விதி எவ்வளவு பழையது என்பதில் இருக்கிறது. அரியணைச் சண்டை நம் அனுபவத்தில் இல்லை. ஆனால் இலை போட்டுச் சோறு வைத்தவனை நம்பலாம், நம் இலையில் உட்கார்ந்தவன் நமக்குக் கெடுதல் செய்யமாட்டான் என்பது நாம் தினம் வாழ்கிற விதி. திருக்குறளில் விருந்தோம்பலுக்குத் தனி அதிகாரமே உண்டு. சிறுத்தொண்டர் கதையில் விநோதம் என்னவென்றால், விதியை யாருமே மீறவில்லை. கடைசி எழுத்துவரை கடைப்பிடிக்கிறார்கள். அதனால்தான் மற்ற இரண்டையும்விட அது பயங்கரம். ஃப்ரேயைத் திட்டலாம், ரவிதாசனைத் திட்டலாம். இங்கே யாரைத் திட்டுவது?

இன்னொரு விஷயம், மூன்று கதையிலும் ஆசிரியர் விதியை முதலில் நம் கண்ணெதிரே வைத்துவிடுகிறார். ரொட்டியும் உப்பும், குந்தவையின் எச்சரிக்கை, அடியாருக்கு இட்ட பிறகே உண்ணும் வழக்கம். திடீரென்று நடப்பது திடுக்கிட மட்டும் வைக்கும், மறுநாள் மறந்துவிடும். வருவது தெரிந்தும் தடுக்க முடியாமல் பார்ப்பதுதான் முப்பது வருஷம் கழித்தும் வாசலில் உட்கார்ந்து பேச வைக்கிறது.

இதையெல்லாம் போனில் மகளிடம் சொன்னேன். கேட்டுவிட்டு ஒரே கேள்வி: "பையன்தான் திரும்பி வந்துட்டானே, அப்புறம் ஏன் அப்பாயி இன்னும் கேக்க மாட்டேங்கிறாங்க?"

பதில் தெரியாமல் மறுபடி அந்தப் பகுதியை எடுத்துப் படித்தேன். அறுக்கும் பாட்டில் சேக்கிழார் பிள்ளையின் பக்கம் போய் நிற்கிறார். தாய் கிண்கிணிக் கால்களை மடியில் இடுக்கிக்கொள்கிறாள், கைகளைப் பிடிக்கிறாள். அம்மாவும் அப்பாவும் ரொம்பச் சந்தோஷமாக இருக்கிறார்கள் என்று நினைத்து, பையன் சிரிக்கிறான்.

எட்டாம் வகுப்பில் இந்தக் கதையைப் பாடமாகப் படித்திருக்கிறேன், மார்க்கும் வாங்கியிருக்கிறேன். இந்தச் சிரிப்பு எப்படிக் கண்ணில் படாமல் போனது என்று தெரியவில்லை. அம்மாவிடம் கேட்டேன். "ஆமா தம்பி, அந்த இடம் வர்றப்பதான் நான் எந்திரிச்சு அடுப்படிக்குப் போயிருவேன்" என்றார்.

திருச்செங்காட்டங்குடியில் சித்திரைப் பரணி அன்று அமுது படையல் விழா இன்றைக்கும் நடக்கிறது. பிள்ளை வரம் கேட்டுப் பெண்கள் வருகிறார்கள். அவர்கள் கும்பிடுவது திரும்பி வந்த சீராளனை. அம்மாவால் மறக்க முடியாதது அதற்கு முந்தின நிமிஷத்துச் சீராளனை. கதை ஒன்றுதான். பிள்ளை திரும்பி வருவதைக் கடவுள் பார்த்துக்கொள்கிறார். அந்தச் சிரிப்பை மட்டும் கேட்டவர்களால் திருப்பிக் கொடுக்க முடியவில்லை.